முகட்டுக் கண்ணாடி

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவரின் தங்கை ஏறாவூரில் புதுவீடு குடிபுகுந்த நாளில் நானும் போயிருந்தேன். தாய்வீட்டு வளவின் மேற்குப் பாதியில் எழுந்த வீடு அது. முன்னே விறாந்தை, அடுத்து மண்டபம், மூன்று அறைகள், பின்னே குசினி. பக்கச் சுவர்கள் இரண்டிலும் பெயருக்கும் ஒரு யன்னல் இல்லை. ஆனாலும் மண்டபம் பளிச்சென்றிருந்தது. பட்டப்பகலில் எதற்கு மின்குமிழை எரியவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மேலே பார்த்தேன்.

"அது லைட் இல்ல சேர், வானம்" என்றார் மாணவர்.

கொங்கிறீற் தட்டில் மூன்றடிக்கு மூன்றடி வாய் விட்டு, அதன்மேல் தடித்த கண்ணாடி பதித்திருந்தார்கள். ஒட்டினாற்போல் நின்ற பழைய வீட்டுக்குள் சென்றபோது அங்கும் ஓட்டுக் கூரையின் நடுவே நான்கு கண்ணாடி ஓடுகள் மின்னின. வீட்டின் மூத்தவரான உம்மும்மா அதன் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "என்ட யன்னல பேத்திட சுவர் மூடிட்டு தம்பி."

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வரலாறே பேசலாம் என்று தோன்றியது. பேசிப் பார்க்கிறேன்.

மட்டக்களப்புப் பிரதேசத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பான். தாய் தன் வளவில் மூத்த மகளுக்கு ஒரு துண்டு பிரித்து வீடு கட்டுவாள்; அடுத்தவளுக்கு இன்னொரு துண்டு. சில வேளை தாயிருந்த வீட்டையே மகளுக்கு விட்டு, பெற்றோர் பின்புறத்தில் சிறு வீடு கட்டி ஒதுங்குவதும் உண்டு. தென்னையும் கிணறுமாக விரிந்து கிடந்த வளவு இரண்டு தலைமுறையில் நான்கு கூரைகளைச் சுமக்கிறது. சகோதரிகள் அருகருகே வாழ்வது பெரிய பலந்தான். நோய் நொடி என்றால் சுவருக்கு அப்பால் ஒரு குரல் போதும். ஆனால் அந்தச் சுவர்தான் யன்னலையும் அடைக்கிறது. நான்கு புறமும் அயலாகிப் போன வீட்டுக்கு, எவரோடும் பங்கிட வேண்டாத ஒரே புறம் கூரைதான். ஏறாவூரில் முகட்டைத் திறந்தது நாகரிக மோகமன்று, சீதனக் காணி என்பது என் எண்ணம்.

தமிழாசிரியன் என்பதால் சொற்களின் பக்கம் சற்றே திரும்புவதைப் பொறுத்தருள வேண்டும். யன்னலுக்கு நம்மிடம் நல்ல பழஞ்சொற்கள் உண்டு. 'காலதர்' என்பது சிலப்பதிகாரம் அறிந்த சொல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. 'பலகணி' பல கண்களை உடையது. 'சாளரம்' வலைப்பின்னலைக் குறிக்கும் வடசொல்லோடு உறவுடையது. நாம் நாளாந்தம் சொல்லும் யன்னலோ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், விறாந்தையும் அப்படியே. பழஞ்சொற்கள் காற்றையும் கண்ணையும் பாடுகின்றனவே தவிர, கூரை வழியே இறங்கும் வெளிச்சத்துக்கென்று ஒரு சொல்லை நமக்குத் தரவில்லை. தேவை இருக்கவில்லை. கிடுகுக் கூரைக்கு வெளிச்சம் வாசலால் வந்தது. நாற்சார் வீட்டுக்கு நடுமுற்றம் இருந்தது; யாழ்ப்பாணத்தாரும் செட்டிநாட்டாரும் கேரளத்தாரும் வீட்டின் நடுவே வானத்துக்கு ஒரு சதுரம் விட்டே கட்டினார்கள். முற்றத்துக்கு நிலம் வேண்டும். நிலம் சுருங்கியபோதுதான் கண்ணாடி வந்தது.

அந்தக் கண்ணாடி வந்த வழி சுவாரசியமானது. 1841 இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டை ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதே வகை ஓட்டைச் சுவிற்சர்லாந்தின் பாசல் மிஷன் 1865 இல் மங்களூரில் தொழிற்சாலை அமைத்துச் செய்யத் தொடங்கியது. பின்னர் கள்ளிக்கோட்டையிலும் சூளைகள் எழுந்தன. கடல் தாண்டி இலங்கைக்கு வந்த அந்த ஓடு இங்கே 'கள்ளிக்கோட்டை ஓடு' ஆயிற்று. அதற்கு முன்பிருந்த பீலி ஓடு கையால் வளைத்தது. ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாது. அச்சில் வார்த்த ஓடோ எல்லாம் ஒரே அளவு. ஒரே அளவு என்றவுடன் ஒரு வசதி பிறந்துவிட்டது: மண்ணோடு ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே அச்சில் வார்த்த கண்ணாடி ஓட்டை அந்த இடத்தில் செருகலாம். மரம் வெட்ட வேண்டாம், கூரையைக் குலைக்க வேண்டாம், ஓடாவியாரைக் கூப்பிடவும் வேண்டாம். ஏறத்தாழப் பதினாறங்குல நீளமும் பத்தங்குல அகலமும் கொண்ட ஒரு துண்டு வானம், சிலாகையில் கொளுவியபடி வீட்டுக்குள் வந்துவிட்டது.

உலகத்தில் இது புதுமையன்று. ரோமாபுரியில் ஹேட்ரியன் மன்னன் காலத்தில், கிட்டத்தட்ட 1900 ஆண்டுகளுக்கு முன் கட்டி முடித்த பாந்தியன் கோயிலின் குவிமாட உச்சியில் ஏறக்குறைய ஒன்பது மீற்றர் அகலமான வட்டத் துவாரம் இன்றும் திறந்தே கிடக்கிறது. மழை உள்ளேதான் பெய்கிறது. அரபு நாட்டுக் குளிப்பறைகளின் குவிமாடங்களில் நட்சத்திர வடிவத் துளைகள் உண்டு. உள்ளிருப்போரை எவரும் காணாமல் ஒளி மட்டும் இறங்கும் ஏற்பாடு அது. இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே 1696 முதல் யன்னலுக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. வரிக்குப் பயந்து யன்னலைக் கல்லால் அடைத்தவர்களும் உண்டு. 1851 இல் அவ்வரி ஒழிந்தது. அதே ஆண்டில்தான் லண்டனில் ஜோசப் பக்ஸ்டன் கண்ணாடியாலேயே ஒரு மாளிகையை எழுப்பிக் காட்டினார். நம் உம்மும்மாவுக்கு யன்னலை அடைத்தது அரசன் அல்லன், பேத்தி. அதனால் கோபமும் இல்லை.

கொழும்பிலும் இதே சிக்கல் ஒருவருக்கு வந்தது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1958 இல் பகத்தலை வீதியின் 33 ஆம் ஒழுங்கையில், நெருக்கி நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றைப் பெற்றார். பத்தாண்டுக்குள் நான்கும் அவர் கைக்கு வந்தன. பக்கத்தில் யன்னல் வைக்க இடமில்லை. எனவே இடையிடையே கூரையை விலக்கி, சிறு முற்றங்களையும் ஒளிக்கிணறுகளையும் இறக்கினார். இன்று வெளிநாட்டு மாணவர்கள் வந்து அவ்வீட்டைப் பார்த்துப் படிக்கிறார்கள். பார்க்கட்டும், பாவா பெரிய கலைஞர்தான். ஆனால் அதே கேள்விக்குக் கண்ணாடி ஓட்டால் விடை சொன்ன நம் மேசன்மாரைப் பற்றி எழுத ஒருவரும் வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கூரையைத் திறப்பதில் அச்சமும் உண்டு. 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை எங்கள் பெற்றோர் இன்றும் ஆண்டுக் கணக்காகவே பயன்படுத்துகிறார்கள். "சூறாவளிக்கு முந்தி, பிந்தி" என்பார்கள். ஓடுகள் இலைபோலப் பறந்தன என்று அம்மா சொல்வார். காற்று கூரையின்கீழ் புகுந்து மேலே தூக்கும். கொளுவி மட்டும் நிற்கும் ஓடு அதற்கு ஈடுகொடாது. ஆகவே கண்ணாடி ஓட்டைச் செப்புக் கம்பியால் சிலாகையோடு கட்டிவிடுவது நல்லது.

பின்னர் வேறோர் அச்சம் வந்தது. 1990 ஓகஸ்டில் ஓரிரவில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் அயலிலிருந்த தமிழர்களும் உயிரிழந்தனர், ஊர்விட்டு ஓடினர். நான் அப்போது சிறுவன். பொழுது சாயுமுன் யன்னல்கள் சாத்தப்படும். தெருப்பக்க யன்னல் பகலிலும் திறவாது. எங்கள் வீட்டில் நான் பாடம் படித்தது ஒரேயொரு கண்ணாடி ஓட்டின் கீழே, அது தரையில் விழுத்திய வெளிச்சத்தில். தெருவுக்கு அப்பாலிருந்த முஸ்லிம் வீடுகளிலும் பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள் என்பது, அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது.

இன்று கண்ணாடி ஓட்டின் இடத்தில் அளவெடுத்துச் செய்யும் முகட்டு யன்னல்கள் வந்துவிட்டன. வெளிநாட்டு விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சங்கடம். டென்மார்க்கில் 1940களில் கூரை யன்னலைத் தொழிலாக வளர்த்தவர்கள், குளிர்நாட்டு மச்சு அறைக்கு வெயிலை வரவழைக்கச் செய்தார்கள். நமக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். "வடக்குப் பார்த்து வைத்தால் வெயில் விழாது" என்று அப்புத்தகங்கள் சொல்வது அவர்கள் நாட்டுக்குச் சரி. ஏறாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் கிடக்கிறது. சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரமளவில் ஒருமுறையும் செப்டெம்பர் தொடக்கத்தில் மறுமுறையும் நமக்கு நேர் உச்சியில் நிற்கும்; இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். கச்சான் காற்றுக் காலத்தில் அப்படியொரு கண்ணாடியின் கீழே அரைமணி நேரம் இருந்து பார்த்தால் தெரியும்.

அந்தப் புதுவீட்டை எழுப்பிய மேசன் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார். வாயின் நான்கு புறமும் தட்டுக்குமேல் ஓரடி உயரம் கட்டெழுப்பி, அதன்மேல் கண்ணாடியை ஒருபக்கம் சரித்து வைத்திருந்தார். வாடை மழை தேங்காது, கூரைத் தண்ணீரும் வாய்க்குள் இறங்காது. கட்டின் இரு பக்கமும் கம்பிவலை அடித்த துவாரங்கள். மேலேறும் வெக்கை அவ்வழியே போய்விடும். காலதர் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கண்ணாடி பால்நிறம், அதனால் வெயில் ஓரிடத்தில் குத்தாமல் பரவி விழுகிறது. மலிவான பிளாஸ்ரிக் தகட்டை ஏன் போடவில்லை என்று கேட்டேன். "நாலு வருசத்தில மஞ்சளாப் போகும் சேர், பிறகு வெடிக்கும்" என்றார். ஓட்டுக் கூரையில் பெரிதாகத் திறப்பதானால் கைமரத்தை அறுத்துவிட்டு அப்படியே விடக்கூடாது, அறுத்த முனைகளைக் குறுக்கு மரம் போட்டு இரு பக்கக் கைமரங்களோடு பிணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரை மெல்ல மெல்லத் தொய்யும் என்றும் சொன்னார். பலர் பிழைவிடுவது அங்கேதானாம்.

விடைபெறுமுன் மீண்டும் பழைய வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே இருந்தது தெளிந்த கண்ணாடி ஓடு. வெயில் நான்கு கட்டங்களாகச் சீமெந்துத் தரையில் கிடந்தது. உம்மும்மா அதைப் பார்த்துத்தான் லுஹர் தொழுகைக்கு எழும்புவாராம். ஆனி, ஆடியில் கட்டங்கள் தெற்கே தள்ளி அவருடைய கட்டிலருகே விழும். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சங் கொஞ்சமாக வடக்கே நகரும்.

"மார்கழியில எங்க நிக்கும்?" என்று கேட்டேன்.

"அந்தா, அலுமாரிக்குக் கிட்ட. மழ விட்டாத்தான் தெரியும்" என்றார்.