பீடி அட்டையில் யார் பெயர்?

போன மாதம் காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அண்ணன் வீட்டில் சற்று நேரம் உட்கார்ந்தேன். மதினிக்கு எண்பதை நெருங்கும் வயது. முப்பது வருடம் பீடி சுற்றிய விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை. காப்பியை நீட்டிவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, ஒனக்கு மாசம் பொறந்தா சர்க்கார் பணம் வந்திருது. நீயும் உக்காந்துதான் வேலை பாத்த, நானும் உக்காந்துதான் வேலை பாத்தேன். எனக்கு ஏன் வரல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் அப்பா காரைக்காலில் கடை வைத்திருந்தார். அம்மாவும் அண்ணனும் ஊரில் இருக்க, நான் மட்டும் அப்பாவோடு தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களைப் பள்ளியில் எங்களுக்கு மனப்பாடமாக ஏற்றிவிட்டார்கள். ஆனால் அந்தப் பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944-இல்தான் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்தான் என்றாலும், நம் சென்னை மாகாணம் 1921-இலேயே அதைக் கொடுத்துவிட்டது. கணவன் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் பிரெஞ்சு மனைவிக்கு வழி திறந்தது 1965 ஜூலையில். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன்.

அதற்கு அடுத்த வருடம், 1966-இல், நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் வேலை நிலைமைச் சட்டம் என்று பெயர். பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் பக்கத்துப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

கடையில் இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதலாளியின் கூரைக்குக் கீழே வேலை நடப்பதில்லை. அதனால் அந்தப் பெண் தொழிலாளி இல்லை, வீட்டு வேலைக்கு நடுவில் ஏதோ கைவேலை பார்க்கிறாள் என்றுதான் அதுவரை கணக்கு. 1966 சட்டம் அதை மாற்றியது. வீட்டில் இருந்து சுற்றுபவளும் தொழிலாளிதான், நடுவில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும் தொழிலாளிதான் என்று எழுதியது. பேறுகாலச் சலுகையும் அவளுக்கு உண்டு என்றது.

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. கேரளத்தில் சட்டத்தை அமல்படுத்தப் போனபோது சில பெரிய நிறுவனங்கள் கதவைச் சாத்திவிட்டன. வேலை போனவர்கள் சேர்ந்து 1969-இல் கண்ணூரில் தொடங்கியதுதான் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1974-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1976-இல் பீடிப் புகையிலை மீது நல வரி விதித்துத் தனி நிதி அமைத்தார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, வீடு கட்ட மானியம், மருத்துவம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனையை நம்மில் பலருக்குத் தெரியும். 1977-இல் வருங்கால வைப்பு நிதியும் பீடித் தொழிலுக்கு வந்தது. வீட்டில் சுற்றுபவர் எங்கள் மேற்பார்வையில் இல்லையே என்று முதலாளிகள் மறுபடி வழக்காடினார்கள். பீடி சரியில்லை என்று கழித்துப் போடுகிறீர்களே, அந்த அதிகாரமே மேற்பார்வைதான் என்ற கருத்தில் 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கழிவு பார்த்துப் பார்த்து நொந்துபோன நம் பெண்களுக்கு இதைவிட நியாயமான தீர்ப்பு ஏது?

அப்படியானால் மதினிக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?

எங்கள் வீட்டில் அட்டை அம்மா பெயரில் இருந்தது. பாஸ் புத்தகமும் அம்மா பெயரில்தான். அம்மா இலை வெட்டிக் கொடுப்பார், சுற்றுவது மதினி. கடையில் எழுதும் கணக்கும், பிடித்த வைப்பு நிதியும் அம்மா பெயருக்குப் போயின. வயது முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு தொகை வந்தது. அதை வைத்து வீட்டுக்கு ஓடு மாற்றினோம். அட்டை அதோடு முடிந்தது. புது அட்டை கேட்டபோது இப்போதைக்கு இல்லை என்றார்கள். பிறகு மதினி பக்கத்து வீட்டு அட்டையில் சுற்றினார், கூலியும் குறைவு. பீடித் தொழிலாளர்களுக்கும் மாத ஓய்வூதியம் தரும் திட்டம் 1995-இல் வந்தபோது அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இதில் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நான் காரைக்காலில் அரசு குமாஸ்தா. யார் பெயர், எந்தத் தேதி என்று பார்ப்பதே என் பிழைப்பு. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மாவின் பாஸ் புத்தகத்தை வாங்கிக் கூட்டிப் பார்த்துக் கணக்குச் சரி என்று சொல்லியிருக்கிறேன். எதிரே முறத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தவர் பெயர் அதில் ஏன் இல்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, யார் பெயரில் இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

என்ன என்பது இப்போது தெரிகிறது. முதியோர் ஓய்வூதியம் 1962 முதல் நம் மாநிலத்தில் உண்டு. ஆனால் அது ஆதரவற்றவர்களுக்கு. மகன் வீட்டில் இருக்கும் மதினிக்கு வராது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகிறது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தது நல்ல காரியம். ஆனால் ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். அண்ணன் வீட்டில் அது மருமகள் பெயரில் வருகிறது. அந்தப் பெண் மாமியாருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறாள், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அன்று மாமியார் பெயர், இன்று மருமகள் பெயர். நடுவில் நின்றவர் மதினி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி வந்த 2017-இல் பீடி நல வரியை எடுத்துவிட்டார்கள். பீடியின் பெயரில் வசூலாகிப் பீடிக்காரருக்கே போன பணம் என்பது அதோடு நின்றது. இனி அரசு தன் பொது வருவாயில் ஒதுக்குவதுதான்.

போன வாரம் மறுபடி போய் இதையெல்லாம் மதினியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சட்டம் வந்தத அப்பவே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றார். அவ்வளவுதான். காப்பி வழக்கம்போல வந்தது.

உங்கள் வீட்டிலும் பீடி சுற்றியவர்கள் இருப்பார்கள். பரணில் கிடக்கும் பழைய பாஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். இப்போதும் சுற்றுகிற பெண்பிள்ளைகள் இருந்தால், கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.