பாலர் நாடக சபையும் பள்ளிப் புறக்கல்வியும்

அழகர்கோவிலை அடுத்த பழமுதிர்சோலை முருகன் உறையும் இடமாகும். அம்முருகனைத் தலைவனாக வைத்து ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை யாத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவரை ஆசிரியராகக் கொண்டு 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, பள்ளியை விட்டு வந்த சிறுவர்க்குப் பள்ளியாகவே அமைந்தது. பாட்டும் உரையாடலும் மெய்ப்பாடும் ஆங்கு ஒருங்கே பயிற்றப்பெற்றன. அவ்வாண்டு ஆறு வயதிற் சேர்ந்த தி. க. சண்முகம், பின்னர் 1972இல் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் வரலாற்று நூலை அளித்தமை அக்கல்வியின் வலிமைக்குச் சான்றாகும்.

எனினும் அத்தகைய சபைகள் வருவாய்க்கு நடந்தவை; மகரக்கட்டில் குரல் உடைந்த சிறுவன் வேடம் இழத்தலும் உண்டு. ஆதலின் அவற்றைக் குருகுலம் என்று மட்டும் போற்றுதலும், தொழிற்கூடம் என்று மட்டும் தள்ளுதலும் பொருந்தா. கல்வியும் உழைப்பும் பிரியாது நின்றமையே அவற்றின் இயல்பு என்க.