வண்டலூர் ஹெரால்டு

1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு மகிழுந்தின் உடல், தனிச் சட்டகத்தின்மேல் துண்டு துண்டாக மரையாணியால் முடுக்கப்பட்டது. உடலை ஒரே கூடாகச் செய்து தரவல்ல ஆலையைப் போட்டி நிறுவனம் முன்னரே வாங்கிவிட்டதே காரணம். அந்தக் குறையே கடல் கடந்தும் வண்டியைக் கோக்க ஏற்றதாயிற்று. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவானது. (உருவம் வரைந்த மிச்செலோட்டி இத்தாலியர் என்பது வேறு கதை!) பின்னாளில் அதற்கு நான்கு கதவு வைத்தவர்கள் நம்மவர்களே, இங்கிலாந்தில் அப்படியொரு ஹெரால்டு விற்பனைக்கு வரவேயில்லை. அங்கே 1971இல் உற்பத்தி நின்றது. இங்கோ மாற்றுருவில் 'கசெல்' எனத் தொடர்ந்தது. சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த நாம், இவ்வண்டிகளைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டோம். எஞ்சியவற்றைப் பேணுவோர்க்குத் துணை அதே மரையாணிகள்தாம்: துருவேறிய பகுதியை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.