ஒளிப்படத்துக்கும் தாளுக்கும் இடையில் ஓர் உளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனிலோ பாரிஸிலோ லைப்சிக்கிலோ வாழ்ந்த சாதாரண வாசகர் ஒருவர், ஒரு புகழ்பெற்ற பொறியாளரின் முகத்தையும், நீராவிச் சம்மட்டியின் தோற்றத்தையும், ஓர் அறிவியலாளரின் சோதனைக் கருவிகளையும் அறிந்துகொண்டது பெரும்பாலும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்களின் வழியாகத்தான். ஒளிப்படக் கலை 1839-ஆம் ஆண்டிலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது என்றாலும், ஒளிப்படத்தின் சாயல்களை எழுத்துகளோடு ஒரே தாளில், ஒரே இயந்திரத்தில், விரைவாக அச்சிடும் வழி நடைமுறைக்கு வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் ஒளிப்படத்துக்கும் வாசகருக்கும் நடுவே செதுக்குநர் அமர்ந்திருந்தார். அவர் கண்டதையும், விட்டதையும், சேர்த்ததையும்தான் அந்த நூற்றாண்டு தன் மேதைகளின் முகமென்றும் தன் இயந்திரங்களின் வடிவமென்றும் நம்பியது.

இதை விளக்க இசம்பார்ட் கிங்டம் புரூனலின் படத்தைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. தேம்ஸ் நதிக்கரையில் மில்வால் என்னுமிடத்தில் அவர் வடிவமைத்துக் கட்டிய 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் 692 அடி நீளமும், சுமார் 4,000 பயணிகளை ஏற்றிச் செல்லும் திட்டமும் கொண்டது. அதுவரை உலகம் காணாத அந்தப் பேருருவை 'லெவியாத்தன்' என்ற பெயராலும் பத்திரிகைகள் அழைத்தன. ஆற்றின் அகலம் போதாமையால் கப்பலை நீளவாட்டில் இறக்க முடியாமல் பக்கவாட்டில் நகர்த்தி நீரில் இறக்க முடிவு செய்யப்பட்டது. 1857 நவம்பர் 3-ஆம் நாள் நடந்த முதல் முயற்சி தோற்றது; நீரழுத்த உந்துபொறிகளைக் கொண்டு சிறிது சிறிதாக நகர்த்தி, 1858 ஜனவரி 31-இல்தான் அதை மிதக்கவிட முடிந்தது. இந்தப் போராட்டத்தின் நடுவே, 'இல்லஸ்ட்ரேட்டட் டைம்ஸ்' என்ற வார இதழுக்காக ராபர்ட் ஹவ்லட் என்னும் இளம் ஒளிப்படக் கலைஞர் மில்வால் சென்று கப்பலையும் அதன் கர்த்தாவையும் படமெடுத்தார். உயரமான தொப்பி, வாயில் சுருட்டு, காற்சட்டைப் பைகளில் கைகள், சேறு படிந்த காலணிகள், முதுகுக்குப் பின்னே மனித உயரத்தையும் தாண்டி அடுக்கடுக்காகத் தொங்கும் இரும்புச் சங்கிலிகள் என்று புரூனல் நிற்கும் அந்த ஒளிப்படம், இன்று தொழிற்புரட்சியைப் பற்றிய நூல்கள் பலவற்றிலும் இடம்பெறுகிறது.

ஆனால் 1858 ஜனவரி 16-ஆம் நாள் வெளிவந்த சிறப்பிதழை வாங்கிய வாசகர் எவரும் ஹவ்லட்டின் ஒளிப்படங்களைப் பார்க்கவில்லை. ஹவ்லட் கண்ணாடித் தகட்டில் எடுத்த படம் முதலில் தாளுக்கு மாறியது. அதைப் பார்த்து ஒரு வரைஞர் மரக்கட்டையின்மீது இடவலம் மாற்றி வரைந்தார். அந்தக் கோடுகளைச் செதுக்குநர்கள் உளியால் வெட்டினார்கள். அவர்கள் வெட்டியது அச்சியந்திரத்துக்குச் சென்றது. இத்தனை கைகள் மாறியபின் வந்து சேர்ந்த படத்தின்கீழ் 'ஒளிப்படத்திலிருந்து' என்ற குறிப்பு இருந்தால், வாசகர் அதைக் கண்ணால் கண்ட சாட்சியாகவே ஏற்றுக்கொண்டார். ஹவ்லட் அதே ஆண்டின் இறுதியில் 27 வயதில் காலமானார். புரூனலும் 1859 செப்டம்பரில் மறைந்தார். இருவரின் பெயரும் நிலைத்துவிட்டது. நடுவே உழைத்த செதுக்குநர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

செப்புத் தகட்டில் செதுக்கும் முறை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வளர்ந்து, நுண்மையில் உச்சத்தைத் தொட்டிருந்தபோது மரம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி இயல்பாக எழும். செப்புத் தகட்டில் மை நிற்பது பள்ளத்தில். அச்செழுத்தில் மை நிற்பது மேட்டில். பள்ளத்து மையைத் தாளுக்கு ஏற்ற ஈரத்தாளும் மிகுந்த அழுத்தம் தரும் உருளை இயந்திரமும் தனியே வேண்டும். எனவே செப்புப் படம் தனித்தாளில் அச்சாகி, பின்னர் நூலில் சேர்த்துக் கட்டப்பட்டது. மரக்கட்டையிலோ வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகவும் எஞ்சிய மேடு கறுப்பாகவும் அச்சாவதால், அச்செழுத்தின் உயரத்துக்கு, அதாவது சுமார் 23 மில்லிமீட்டருக்கு, கட்டையை இழைத்துவிட்டால் அச்சுக்கோப்பவர் அதை எழுத்துகளுக்கு நடுவே பொருத்தி, வாசகமும் படமும் ஒரே அழுத்தத்தில் விழும்படி செய்ய முடிந்தது. செய்தியும் படமும் ஒரே பக்கத்தில் வாழத் தொடங்கியது இந்த எளிய கணக்கினால்தான்.

பழைய மரவெட்டு முறையில் பலகையின் நீள்பரப்பைக் கத்தியால் செதுக்கினர். மரத்தின் நார் ஓடும் திசை குறுக்கிட்டதால் கோடுகள் தடித்தே அமைந்தன. இங்கிலாந்தின் நியூகாசிலில் வாழ்ந்த தாமஸ் பூயிக் (1753–1828), மரத்தைக் குறுக்காக அறுத்தால் கிடைக்கும் வெட்டுமுகத்தில், உலோகம் செதுக்குவோரின் கூர்உளியைக் கொண்டு வேலை செய்யும் முறையை அதன் முழு ஆற்றலோடு பயன்படுத்திக் காட்டினார். வெட்டுமுகத்தில் நாரின் தடை இல்லை. உளி எத்திசையிலும் வழுக்கிச் செல்லும். 1790-இல் வந்த அவருடைய விலங்கு நூலிலும், 1797-இலும் 1804-இலும் இரு தொகுதிகளாக வந்த பறவை நூலிலும், கறுப்பிலிருந்து வெள்ளைக் கோடுகளை வெட்டி எடுத்தே இறகின் மென்மையையும் மயிரின் அடர்த்தியையும் அவர் வரவழைத்தார். பின்னால் வந்த பத்திரிகைப் படங்கள் எல்லாம் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை.

இதற்கு உகந்த மரம் பாக்ஸ்வுட் ஒன்றே எனக் கருதப்பட்டது. துருக்கியிலிருந்தும் கருங்கடல் பகுதியிலிருந்தும் வந்த இந்த மரம் மிக மெதுவாக வளர்வதால் இழை நெருக்கமாகவும் கடினமாகவும் இருக்கும். அதே காரணத்தால் அடிமரம் சிறுத்துவிடும். குறுக்கே அறுத்தால் சில அங்குல அகலமே தேறும். முழுப்பக்கப் படம் வேண்டுமானால் பல துண்டுகளை ஒட்டியாக வேண்டும். 1860-ஐ ஒட்டிய காலத்தில், துண்டுகளைத் திருகாணியால் இணைக்கவும் பிரிக்கவும் கூடிய கட்டைகள் லண்டனில் புழக்கத்துக்கு வந்தபின், தொழிலின் முறையே மாறிவிட்டது. வரைஞர் முழுக் கட்டையின்மேல் வெள்ளைப் பூச்சுப் பூசிப் படத்தை வரைந்து முடித்ததும், தலைமைச் செதுக்குநர் துண்டுகள் சேரும் விளிம்புகளை மட்டும் முதலில் வெட்டிவைப்பார். பிறகு கட்டை பிரிக்கப்பட்டு, இரட்டைப் பக்கப் படமானால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பல கைகளுக்குப் போகும். ஒருவருக்கு வானம், ஒருவருக்குக் கூட்டம், ஒருவருக்குச் சக்கரம். முகங்கள் மட்டும் தேர்ந்த கைக்கு. மணல் நிரப்பிய தோல்திண்டின்மேல் துண்டை வைத்துத் திருப்பித் திருப்பி, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தின் வழியே குவிந்த விளக்கொளியில், உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்து இரவெல்லாம் வெட்டுவார்கள். தனி ஒருவர் செய்தால் பல வாரங்கள் பிடிக்கும் வேலை, இவ்வாறு பங்கிட்டதால் ஓரிரு நாட்களில் முடிந்தது. அவரவர் வெட்டிய துண்டு முழுப்படத்தில் எப்படி அமைகிறது என்பதை இதழ் வெளிவந்த பின்னரே பார்த்த செதுக்குநர்களும் இருந்திருப்பார்கள்.

அக்காலத்து இதழ் ஒன்றின் பெரிய படத்தை இன்று உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால் இந்த வரலாறு கண்ணுக்குத் தெரியும். மரம் சுருங்கியதால் துண்டுகளுக்கிடையே விழுந்த மெல்லிய வெள்ளை இழை, படத்தின் குறுக்கே நேர்கோடாக ஓடுகிறது. அதன் இருபுறமும் வானத்துக் கோடுகளின் நெருக்கம் சற்றே மாறுகிறது. மாந்தர் படத்தில் கன்னத்தின் வளைவை ஒட்டி நடுவில் தடித்து நுனியில் மெலியும் கோடுகள் வரிசையாகச் செல்கின்றன. கறுப்பு மேலங்கியின் மடிப்போ கறுப்பில் கீறிய வெள்ளைக் கோடுகளால் ஆனது. சாம்பல் நிறம் என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டுமே உண்டு, இடைப்பட்ட சாயல் முழுவதும் பார்ப்பவரின் கண்ணில் உருவாகிறது.

இந்தத் தொழிலை மக்களிடம் கொண்டு சேர்த்தவர்களில் பதிப்பாளர் சார்லஸ் நைட் முதன்மையானவர். பயனுள்ள அறிவைப் பரப்பும் கழகத்துக்காக 1832 மார்ச் 31-இல் அவர் தொடங்கிய 'பென்னி மேகசின்', ஒரு பென்னி விலையில் இயந்திரங்களையும் கட்டடங்களையும் விலங்குகளையும் படத்தோடு விளக்கி, அவ்வாண்டு இறுதிக்குள் 2,00,000 பிரதிகளை எட்டியது. கட்டையிலிருந்து ஈயக்கலவையில் வார்ப்பு எடுத்து, ஐரோப்பாவின் பிற நாட்டு இதழ்களுக்கும் நைட் விற்றார். ஒரே படம் பல மொழி வாசகங்களோடு வெளிவந்தது. அதன்பின் ஹெர்பர்ட் இங்கிராம் 1842 மே 14-இல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' செய்திப் படத்தை வார வழக்கமாக்கியது. பாரிஸின் 'இலுஸ்த்ராசியோ'னும் லைப்சிக்கின் 'இல்லுஸ்த்ரீர்ட்ட ட்ஸைட்டுங்'கும் 1843-இலேயே அதன் வழியில் வந்தன.

லண்டன் இதழின் முதல் பக்கத்தில் ஹாம்பர்க் நகரம் தீப்பற்றி எரியும் காட்சி இடம்பெற்றது. நேரில் சென்று வரைந்தவர் எவருமில்லை. பழைய நகரப் படம் ஒன்றை எடுத்து, அதில் தீயையும் புகையையும் சேர்த்துச் செதுக்கினார்கள். இதைக் கண்டிப்பது எளிது. ஆயினும் அந்த இதழை ஏமாற்று என ஒதுக்கிவிடுவதைவிட, ஒரு படம் எந்த அளவுக்குச் சான்றாகும் என்ற கேள்வியை அக்காலம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்று கொள்வதே நேர்மையானது.

அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது செய்திப் படத்தில் அன்று, அறிவியல் நூலில். சார்லஸ் டார்வின் மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தை ஆராய்ந்து 1872-இல் வெளியிட்ட நூலில், ஹீலியோடைப் என்ற ஒளிவேதி முறையில் அச்சிட்ட ஒளிப்படத் தகடுகள் ஏழு தனித்தாள்களாகச் சேர்க்கப்பட்டிருந்தன. வாசகத்தோடு ஒன்றிய படங்களோ ஜேம்ஸ் டேவிஸ் கூப்பர் போன்றோரின் மரச்செதுக்குகள். அவற்றுள் ஒன்று அச்சத்தில் உறைந்த முதியவரின் முகம். அதன் மூலம், பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் வெளியிட்ட நூலுக்காக எடுக்கப்பட்ட ஒளிப்படம். முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி, எத்தசை எவ்வுணர்ச்சிக்கு உரியது என்று அவர் சோதித்துக்கொண்டிருந்தார். மூலப் படத்தில் முதியவரின் முகத்தின்மேல் மின்முனைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் கைகளும் தெளிவாகத் தெரிகின்றன. டார்வின் நூலின் செதுக்கில் அவை இல்லை. மின்தூண்டல் பற்றி நூலின் வாசகம் பேசுகிறது என்றாலும், படத்தை மட்டும் காண்பவருக்கு அங்கே நிற்பவர் உண்மையிலேயே நடுங்கும் ஒரு மனிதர். கவனம் சிதறாமல் முகபாவம் மட்டும் தெரியவேண்டும் என்ற நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் சோதனையின் தடயத்தையே சோதனையின் படத்திலிருந்து அகற்றும் அதிகாரம் ஓர் உளி நுனியில் இருந்தது என்பது எளிதாகக் கடந்து போகக்கூடிய செய்தி அன்று.

இதே அதிகாரம் இயந்திரப் படங்களில் பெருநன்மையாக விளைந்தது. பட்டறையில் எடுத்த ஒளிப்படத்தில் எண்ணெய்க் கறையும் நிழலும் பின்னாலுள்ள சுவரும் தூணும் எல்லாம் சம எடையோடு விழும். எந்தப் பற்சக்கரம் எதை இயக்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். செதுக்குநர் தேவையற்றதை விலக்கி, உருளையை நடுவே வெட்டித் திறந்து உள்ளிருக்கும் உந்துதண்டைக் காட்டி, ஒவ்வொரு பாகத்துக்கும் எழுத்துக்குறி இட்டு, உலோகத்தின் பளபளப்பைச் சீரான இணைகோடுகளால் உணர்த்தினார். காஸ்டன் திசாந்தியே 1873-இல் பாரிஸில் தொடங்கிய 'லா நாத்யூர்' அறிவியல் இதழில் லூயி புவாயே செதுக்கிய கருவிப் படங்களில் திருகாணியின் புரி ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக நிற்கிறது. துல்லியம் என்பதற்கு இயந்திரப் படத்தில் இருக்கும் பொருள் இதுவே: பார்த்தவுடன் செயல் புரியவேண்டும். அந்த வகையில் இவற்றை ஒளிப்படத்துக்கு மேலாகவே வைக்கத் தோன்றுகிறது.

ஒளிப்படத்தை நேரே கட்டையின்மேல் பதிக்கும் முறை 1860-களில் பரவியபோது இடையிலிருந்த வரைஞர் விலக, சாயலைக் கோடாக மாற்றும் பொறுப்பு முழுவதும் செதுக்குநரிடம் வந்தது. திமொத்தி கோல் முதலிய அமெரிக்கக் கலைஞர்கள், கோடே தெரியாத அளவுக்கு நுண்ணிய வெட்டுகளால் ஒளிப்படத்தின் மென்மையை எட்ட முயன்றனர். இங்கிலாந்தில் குடியரசுக் கொள்கைக்காக உழைத்துப் பின்னர் அமெரிக்காவில் குடியேறிய மூத்த செதுக்குநர் வில்லியம் ஜேம்ஸ் லிண்டன், 1879-இல் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். உளியால் வரைபவரே கலைஞர், சாயலை அப்படியே நகலெடுப்பவர் தம் தொழிலைத் தாமே இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். கோலின் திறமை மறுக்க முடியாதது. ஆயினும் நடந்ததை நோக்கும்போது லிண்டனின் அச்சம் சரியானதாகவே இருந்தது.

1880 மார்ச் 4-ஆம் நாள் நியூயார்க்கின் 'டெய்லி கிராபிக்' நாளிதழ், ஒளிப்படத்தின் சாயலை மெல்லிய கோட்டுத்திரை வழியாகப் பிரித்துச் செதுக்குநர் துணையின்றி அச்சிட்டுக் காட்டியது. 1882-இல் ஜெர்மனியின் ஜார்ஜ் மைசன்பாக் தம் திரைமுறைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் 'பிளாக்' என்ற பெயரில் புழங்கிய ஹாஃப்டோன் தகடு இந்த வழியில் வந்ததே. 1890-களில் இம்முறை மலிவானதும் செதுக்குக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை இழந்தோரில் சிலர் ஹாஃப்டோன் தகடுகளைச் சீர்செய்யும் பணிக்குப் போனார்கள். 1839 முதல் லண்டனில் இயங்கி, விக்டோரியா காலத்தின் மிகப் பெரிய செதுக்கு நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த டால்சியல் சகோதரர்கள் 1893-இல் நொடித்துப்போனார்கள்.

அந்த நிறுவனம் தான் செதுக்கிய படங்களின் சோதனைப் பிரதிகளை ஆண்டுவாரியாகத் தொகுப்பேடுகளில் ஒட்டிவைத்திருந்தது. சுமார் 54,000 படங்கள் அடங்கிய அந்தத் தொகுப்பு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. படங்களின் மூலையில் இருப்பது பெரும்பாலும் 'டால்சியல்' என்ற ஒரே கையெழுத்து. அதற்குள் சகோதரி மார்கரெட்டும், பெயர் தெரியாத பல பணியாளர்களும், பழகுநராகச் சேர்ந்த இளைஞர்களும் அடக்கம். எந்தக் கோடு எவருடையது என்று பிரித்தறியும் ஆய்வு இந்த ஏடுகளைக் கொண்டே நடைபெற்று வருகிறது.