மணம் ஓரிடம், வீரியம் வேறிடம்

ஜேடர்பாளையம் படுகை அணையில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால், வாழைக்கும் கரும்புக்கும் மட்டுமல்ல, பரமத்திவேலூர் வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் உயிர்நாடி. அகத்தியைப் பற்றி ஏறிய கொடியிலிருந்து பறித்த இலை நூறு சேர்ந்தால் ஒரு கவுளி. 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. வேலூர் ஏலத்தில் வெள்ளைக்கொடி, கற்பூரி என ரகம் பிரித்துச் சுமைக்கு விலை வைக்கிறார்கள். இலையின் மணமும் நாக்கில் ஏறும் உறைப்பும் யூஜெனால், சவிக்கால், ஹைட்ராக்சிசவிக்கால் போன்ற பீனால் வகைச் சேர்மங்களால் வருபவை. இவை எதிலும் நைட்ரஜன் இல்லை; ஆகவே இவை ஆல்கலாய்டுகள் அல்ல.

தாம்பூலம் போட்டவருக்கு வியர்ப்பதும் தலை லேசாகக் கிறுகிறுப்பதும் பாக்கின் வேலை.

நறுமணப் பயிர்களின் மணத்தையும் மருந்துக் குணத்தையும் ஒன்றாகவே எண்ணிப் பேசுவது நம்மிடையே வழக்கம். இரண்டு நூற்றாண்டு வேதியியல் ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரே செடியில் மணத்துக்கு ஒரு கூட்டம், ஆல்கலாய்டுகளாக இன்னொரு கூட்டம் என்று இரு வகைச் சேர்மங்கள் தனித்தனியே இருக்கின்றன. முதல் கூட்டம் ஆவியாகும். வாலை வடித்தால் எண்ணெயாக வந்துவிடும். இரண்டாவது பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. அமிலம் கலந்த நீரில் கரைத்து, பிறகு காரம் சேர்த்துப் பிரிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஆய்வுக்கூடங்கள் கையாண்ட பாதை இதுதான்.

பாக்கிலிருந்து அரிகோலின் என்ற ஆல்கலாய்டை ஜெர்மானியரான யான்ஸ் 1888இல் பிரித்தெடுத்தார். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் ஒரு காரம்தான். அது பாக்கின் ஆல்கலாய்டை விடுவிப்பதோடு, அரிகோலினில் ஒரு பகுதியை அரிகைடின் என்ற வேறொரு பொருளாகவும் மாற்றிவிடுகிறது. வெற்றிலை போடுபவர் யான்ஸுக்கு வெகுகாலம் முன்பே பாதி ஆய்வை வாயிலேயே முடித்திருந்தார் என்றால் மிகையில்லை. அதே அரிகோலின் ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்கு மருந்தாகவும் கொடுக்கப்பட்டது. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி அறிவித்தது. பழி சுமக்க வேண்டியது பாக்கு. பல மேடைப் பேச்சுகளில் வெற்றிலையையும் சேர்த்தே திட்டுகிறார்கள்.

வெற்றிலையின் குடும்பத்தைச் சேர்ந்த மிளகு, அதே நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் படர்கிறது. மிளகின் ஆல்கலாய்டான பைப்பரினை டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் 1819இல் பிரித்தார். மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை அடுத்த ஆண்டு காட்டியவரும் அவரே. ‘ஆல்கலாய்டு’ என்ற சொல்லை ஹாலே நகரத்து மருந்தாளர் மெய்ஸ்னர் உருவாக்கியதும் 1819இல்தான். 1882இல் ரூக்ஹைமர் பைப்பரினைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டார். அதன் படிகத்தை நாக்கில் வைத்தால் முதலில் சுவையே தெரியாது. சற்றுப் பொறுத்துத்தான் எரியும். மிளகின் எடையில் 5 முதல் 9 சதவீதம் வரை இருக்கும் இந்தப் பொருளுக்கு வாசமும் கிடையாது. மிளகு மணத்தின் முக்கியக் காரணிகளில் ஒன்று ரோட்டன்டோன். அதை 2008இல் அடையாளம் கண்டவர்கள், திராட்சை மதுவில் மிளகு வாசம் எப்படி வருகிறது என்று தேடிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள்.

பைப்பரினின் மருத்துவப் பயனைத் துலக்கியதில் இந்தியருக்குப் பெரும் பங்குண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை ஏன் இத்தனை மருந்துகளோடு சேர்க்கிறார்கள் என்று ஜம்மு மண்டல ஆய்வுக்கூடத்தில் சி. கே. அடலும் உடனிருந்தோரும் ஆராய்ந்தனர். மற்ற மருந்துகள் உடலில் சேரும் அளவை அது கூட்டுகிறது என 1981இல் எழுதினர். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில், மஞ்சளிலுள்ள குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் குர்குமின் சேர்வது 2000 சதவீதம் கூடியது. ஈரோடு, சேலம் மஞ்சளைப் பாலில் போடுபவர்கள் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல ஆதரவு கிடைக்காது. ஆனால் மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைப் பைப்பரின் குறைப்பதும் இந்தக் கூடுதலுக்கு ஒரு காரணம். வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர் பைப்பரின் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவது சரியல்ல.

இனி ஒரு மரம்: கறிவேப்பிலை. எலுமிச்சை, வில்வம் ஆகியவற்றின் குடும்பம். டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். அவர் பெயரைத் தாங்கி ‘பெர்கேரா கோனிகி’ என்று 1771இல் லின்னேயஸ் இந்த மரத்தைப் பதிவு செய்தார். பிறகு அது முர்ராயா பேரினத்துக்கு மாறியது. இன்று தாவரவியலாளர் பலர் பழைய பெயருக்கே திரும்பிவிட்டனர்.

அதன் ஆல்கலாய்டு வெளிப்பட மேலும் இரு நூற்றாண்டு பிடித்தது. கார்பசோல் என்ற மூலக்கூறு 1872இல் நிலக்கரித் தாரில் கிடைத்தபோது, அது உயிருள்ள மரத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. கொல்கத்தா போஸ் நிறுவனத்தின் டி. பி. சக்ரவர்த்தி குழு கறிவேப்பிலை மரத்திலிருந்து முர்ராயனைனைப் பிரித்து, அது கார்பசோல் வகையென 1965இல் காட்டியது. தாவர உலகில் கிடைத்த முதல் கார்பசோல் ஆல்கலாய்டு அது. பூஞ்சையைத் தடுக்கும் திறனும் அதற்கு இருந்தது. அடுத்து கிரிநிம்பைன், மகாநிம்பைன், கோனிம்பைன் என்று வரிசையாக வந்தன. மகாநிம்பைன், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளின் எடையையும் ரத்தக் கொழுப்பையும் குறைத்ததாக 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. எலிக்குச் சரியானதை அப்படியே மனிதருக்குச் சொல்லி, கறிவேப்பிலைப் பொடி டப்பாவில் அச்சடிக்கும் வியாபாரிகளை என்ன செய்வது!

தாளிக்கும்போது வீட்டைத் தூக்கும் வாசத்துக்கு இந்த நைட்ரஜன் சேர்மங்களில் எதற்கும் பங்கில்லை. ஜெர்மனியின் ஸ்டெய்ன்ஹவுஸ் 2015இல் கறிவேப்பிலை வாசத்தின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பார்த்தார். அதன் தனி மணத்துக்கு முக்கியக் காரணம் 1-பினைல்எத்தேன்தயால் என்ற கந்தகச் சேர்மம்.