மின்னோட்டமும் மனிதத் தசையும்: ஒரு சிகிச்சை முறையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞானக் கருவிகளின் வரலாற்றை அவற்றை ஆக்கியோரின் பெயர் வரிசையாகக் கூறும் வழக்கம் எம்மிடையே இன்னமும் நிலைபெற்றுள்ளது. ஒரு கருவி எவருடைய உடலின்மீது, எவருடைய தேவையின் பொருட்டுப் பிரயோகிக்கப்பட்டது, அதனைப் பற்றிய அறிவு எவ்வழியாகக் கைமாறிற்று என்னும் வினாக்கள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. மின்னோட்டத்தினாற் தசையைச் சுருங்கச் செய்து, அதன் வலுவைப் பெருக்கவும் இழந்த இயக்கத்தை மீட்கவும் முயலும் முறையினை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே எமது எண்ணம். இலக்கிய மாணவர் வைத்தியத் துறையினுட் புகுவதேன் எனச் சிலர் வினவக்கூடும். ஒரு பாடம் எவ்வாறு கைமாறியது, எவ்விடத்திற் சிதைந்தது, மூலத்தைக் காணாதோர் அதன் பெயரால் எவற்றையெல்லாம் கூறினர் என்று ஆராய்வது எமது தொழில். இங்கு நாம் எடுத்துக்கொண்ட விடயத்தின் மையத்திலும் அத்தகைய பாடச் சிக்கல் ஒன்று உண்டு.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்சாரம் ஐரோப்பிய அரசவைகளின் கேளிக்கைப் பொருளாகவே முதலில் விளங்கிற்று. 1746இல் பாதிரியார் நொலே, கைகோத்து நின்ற 180 காவலர்களின் ஊடாக மின்னதிர்ச்சியைச் செலுத்தி, அவர்கள் ஒருசேரத் துள்ளுவதைப் பிரான்சிய மன்னனுக்குக் காட்டினார். படைவீரனின் உடல் மன்னனின் பொழுதுபோக்குக்கும் உரியது என்னும் நிலமானிய மனோபாவத்தை இதனினும் தெளிவாக உணர்த்தும் காட்சி அரிது. ஆனால் 1748இல் ஜெனீவாப் பேராசிரியர் ஜலபேர் வெளியிட்ட நூலில் நாம் காண்பது வேறொரு மனிதனை. அவன் பூட்டுச் செய்யும் தொழிலாளி. சம்மட்டி அடியினால் வலக்கை செயலிழந்து நெடுங்காலம் வாழ்ந்தவன். ஜலபேர் அக்கையின் தசைகளிலிருந்து மின்பொறிகளை எழச் செய்தார். ஒவ்வொரு தசையும் தனித்தனியே துடிப்பதை அவதானித்தார். பல வாரங்களின் பின் கையில் ஓரளவு அசைவு மீண்டது என்று எழுதினார். தசைத் தூண்டற் சிகிச்சையின் வரலாற்றை இத்தொழிலாளியின் கையிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

ஜலபேரின் முடிவுகள் யாவருக்கும் வாய்க்கவில்லை. அமெரிக்காவில் வாதநோயாளருக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்த பெஞ்சமின் பிராங்கிளின், தொடக்கத்தில் முன்னேற்றம் தோன்றிப் பின்னர் அது நின்றுபோனதை 1757இல் எழுதிய கடிதமொன்றிற் குறிப்பிட்டார். அத்தோற்றத்துக்கும், நோயாளர் நாள்தோறும் தம் வீட்டுக்கு நடந்து வந்த பயிற்சியோ குணமாகும் என்ற நம்பிக்கையோ காரணமாயிருக்கலாம் என்ற ஐயத்தையும் அவர் எழுப்பினார். இரு நூற்றாண்டுகளின் பின் ஆய்வாளர் ஒப்பீட்டுக் குழு வைத்துப் பரிசோதிக்க நேர்ந்த வினா அதுவே. அதே காலத்தில் மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவுநரான ஜோன் வெஸ்லி, லண்டன் ஏழைகளுக்கு மின்சிகிச்சையை இலவசமாக அளித்து, 1760இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவருடைய வைத்திய அறிவு பற்றி ஐயங்கொள்ள இடமுண்டு. ஆயினும், கட்டணம் கொடுக்க இயலாதவனின் உடலையும் வைத்தியத்துக்கு உரியதாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

கல்வானியின் தவளைக்கால் ஆய்வு (1791), வோல்ற்றாவின் மின்னடுக்கு (1800) ஆகியவை யாவரும் அறிந்தவை. கல்வானியின் மருமகன் அல்டினி 1803இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் சடலத்தின் தசைகளைப் பலர் முன்னிலையில் அசையச் செய்தார். தம் நாவலின் 1831ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் மேரி ஷெல்லி கல்வானியத்தைக் குறிப்பிடுவதன் பின்னணியில் இத்தகைய காட்சிகள் உள்ளன. அதே 1831இல் மைக்கல் பரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். அதன் வழிவந்த தூண்டற் சுருளே, விரைவாக விட்டுவிட்டு வரும் மின்னோட்டத்தை வைத்தியருக்கு வழங்கிற்று. பிரான்சில் டுஷேன் அதனைக் கொண்டு, ஊசி குத்தாது, ஈரமான மின்வாய்களைத் தோலின்மேல் வைத்துத் தனித்தனித் தசைகளைத் தூண்டும் முறையை வகுத்து, 1855இல் நூலாக வெளியிட்டார். முகத்தசைகளைத் தூண்டி அவர் எடுப்பித்த புகைப்படங்களைச் சார்ள்ஸ் டார்வின் 1872இல் தம் நூலிற் பயன்படுத்தினார். அப்படங்களிற் பலவற்றில் தோன்றும் முதியவர் முகத்தில் உணர்விழந்த ஒரு நோயாளி. அவர் முகத்தில் எழுந்த துயரும் மகிழ்வும் அவருடையவையல்ல.

உடலுக்குரியவனின் விருப்பத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள முரண்பாடு முதலாம் உலகப்போரின்போது கொடிய வடிவம் பெற்றது. குண்டதிர்ச்சியினாற் பேச்சையோ கை கால்களின் இயக்கத்தையோ இழந்த படைவீரர் பல்லாயிரவர். ஜேர்மனியில் கவுஃப்மன் 1916இல் முன்வைத்த முறை, வலிதரும் மின்னோட்டத்தையும் இராணுவக் கட்டளையையும் இணைத்தது. லண்டனில் யீலண்ட் 1918இல் வெளியிட்ட நூலில், பேச்சிழந்த சாதாரணச் சிப்பாய் ஒருவனைப் பூட்டிய அறையில் வைத்து, பேசும்வரை வெளியேற முடியாதெனக் கூறித் தொண்டையில் மின்னோட்டம் செலுத்திய வரலாற்றைத் தாமே பெருமையுடன் எழுதியுள்ளார். பற் பார்க்கரின் நாவலொன்று (1991) இக்காட்சியை மீளப் படைத்து அதனைப் பரவலாக அறியச் செய்தது. அதனால் யீலண்ட் ஒருவரையே கொடியவராகக் காணும் போக்கு உருவாகியுள்ளது; அது போதாது. போர் முடிந்தபின் வியன்னாவில் வாக்னர்-யவுரெக்மீது 1920இல் நடந்த விசாரணையில் சிக்மண்ட் பிராய்ட் அளித்த கருத்து எமக்கு முக்கியமானது. தப்பியோடுவோரை மீண்டும் முன்னணிக்குத் துரத்தும் இயந்திரத் துப்பாக்கிகளைப் போன்ற பணியே வைத்தியர்களுக்கு வாய்த்தது என்பது அவர் கூற்றின் சாரம். அவர் அந்த வைத்தியரைத் தனிப்படக் குற்றஞ்சாட்டவில்லை. விசாரணையும் அவரை விடுவித்தது. சிகிச்சையின் நோக்கத்தை நோயாளியோ வைத்தியரோ நிர்ணயிக்கவில்லை, போர் நிர்ணயித்தது.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் நிலைமை மாறிற்று. 1961இல் அமெரிக்காவில் லிபர்சனும் அவருடன் பணியாற்றியோரும், பாரிசவாதத்தினாற் பாதம் தொங்கிப்போன நோயாளருக்கு ஒரு கருவியை அமைத்தனர். குதிக்காலின் கீழ் ஓர் ஆளி. கால் நிலத்தைவிட்டு எழும்போது அது இயங்கி, முழங்காலருகிலுள்ள நரம்பைத் தூண்டிப் பாதத்தை உயர்த்தும். யூகோஸ்லாவியாவின் லூப்லியானா நகரில் வொடொவ்னிக் முதலியோர் இத்துறையிற் பல ஆண்டுகள் உழைத்தனர். அங்கு மின்பொறியியலாளரும் புனர்வாழ்வு வைத்தியரும் ஒரே குழுவாக இயங்கியமை கவனிக்கத்தக்கது. முள்ளந்தண்டு முறிந்தோரை மின்தூண்டலினால் எழுந்து நிற்கச் செய்யும் முயற்சிகளும் அங்கு நடந்தேறின. இங்கு மின்னோட்டம் மனிதனின் விருப்பத்துக்கு எதிராகச் செயற்படவில்லை. நடக்க விரும்பியவனின் அறுந்த வழியை அது நிரப்பிற்று.

இனி நாம் முன்னர் குறிப்பிட்ட பாடச் சிக்கலுக்கு வருவோம். மொஸ்கோவின் மத்திய உடற்பண்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த யாக்கோவ் கொட்ஸும் அவர்தம் சகாக்களும் 1970களின் தொடக்கத்தில், நலமுள்ள விளையாட்டு வீரரின் தசைகளை மின்னோட்டத்தால் வலுப்படுத்தும் ஆய்வுகளை ருஷ்ய மொழியில் வெளியிட்டனர். 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் சோவியத் அணி 49 தங்கப்பதக்கங்களுடன் முதலிடம் பெற்றது. மறுவருடம் டிசெம்பரில் அதே நகரின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கனடிய-சோவியத் கருத்தரங்கில் கொட்ஸ் உரையாற்றினார். உயர்நிலை வீரரிடம் 40 சதவீதம்வரை வலு அதிகரித்தது என்பது அவர் கூற்று. 2,500 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஆடலோட்டம், செக்கனுக்கு 50 தடவை விட்டுவிட்டுச் செலுத்தப்படும். 10 செக்கன் தூண்டல், 50 செக்கன் ஓய்வு, இவ்வாறு 10 நிமிடம். ஆய்வின் விபரங்களையோ, அது வெளிவந்த சஞ்சிகைகளையோ அவர் அங்கு தெரிவிக்கவில்லை. கேட்டோர் எடுத்த குறிப்புகளே மேற்குலகுக்கு மூலபாடமாயின.

இதன்பின் நிகழ்ந்தது சிந்தனைக்குரியது. ‘ருஷ்ய மின்னோட்டம்’ என்ற பெயரில் இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. சோசலிச நாடுகளின்மீது நம்பிக்கையற்ற உற்பத்தியாளருங்கூடச் சோவியத் வீரரின் புகழை விலையாக்கத் தயங்கவில்லை. மறுபுறம், அரசின் கௌரவத்தைப் பதக்க எண்ணிக்கையால் அளந்த சோவியத் விளையாட்டு நிறுவனமும், தன் ஆய்வுகளை உலகத் தொழிலாளரின் பொதுச்சொத்தாக்க விரைந்ததெனக் கூறுதற்கில்லை. இடதுசாரி மரபில் நிற்கும் நாம், ஒரு முகாமின் சாதனை என்பதற்காகவே ஒரு புள்ளிவிபரத்தை ஏற்கவோ மறுக்கவோ கூடாது. 1971இல் வெளிவந்த அம்மூலக் கட்டுரைகளை ஆங்கிலம் மட்டும் அறிந்த ஆய்வாளர் விரிவாக அறிந்துகொண்டது, 2002இல் வார்ட், ஷ்குராட்டோவா ஆகியோர் அவற்றை ஆராய்ந்து எழுதிய பின்னரேயாகும். இடையில் 31 ஆண்டுகள். இயந்திரம் சில ஆண்டுகளிற் கடந்த தூரத்தை, ஒரு சில பக்கங்கள் கடக்க ஒரு தலைமுறை சென்றது.

மூலம் தெரியவந்தபோது, புழக்கத்திலிருந்த பாடம் எத்துணை சுருங்கியது என்பதும் தெரிந்தது. அவ்வாய்வாளர் பல மீடிறன்களை ஒப்பிட்டிருந்தனர். மின்வாய்களைத் தசையின்மேல் வைத்தபோதே 2,500 ஹேர்ட்ஸ் மிகுதியான விசையை அளித்தது. நரம்பின்மேல் வைத்தபோது 1,000 ஹேர்ட்ஸே சிறந்ததாயிருந்தது. சந்தையில் எஞ்சியது 2,500 என்ற ஒரே எண்.

இதற்கிடையில், மூலத்தைக் காணாமலே மேற்குலக ஆய்வாளர் கூற்றைப் பரிசோதித்தனர். கறியர், மான் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ளோரிடம் மின்தூண்டல் வலுவைக் கூட்டியது; ஆனால் சாதாரணப் பயிற்சி அளித்த பயனை அது விஞ்சவில்லை. இதற்கு உடற்றொழிலியல் விளக்கம் உண்டு. நாமே முயன்று தசையைச் சுருக்கும்போது, சிறிய, எளிதிற் களைக்காத அலகுகள் முதலிலும் பெரியவை பின்னரும் தொழிற்படுகின்றன. களைத்தவற்றின் இடத்தை வேறு அலகுகள் ஏற்கின்றன. தோலின்மீதிருந்து வரும் மின்னோட்டம் அவ்வொழுங்கை அறியாது. மின்வாய்க்கு அண்மையிலுள்ள அதே நார்களை ஒரே கணத்தில் மீண்டும் மீண்டும் தூண்டுவதால் களைப்பு விரைந்து வருகின்றது. நலமுள்ளவனின் சொந்த நரம்புத்தொகுதி இதனினும் நுண்மையான கருவி. பயிற்சியின் வியர்வைக்குப் பதிலாக மின்சாரத்தை விற்க முனைவோர் இவ்வுண்மையை விளம்பரங்களிற் குறிப்பிடுவதில்லை.

நோயுற்றோரிடம் நிலைமை வேறு. முழங்கால் மூட்டின் எலும்புகளைப் பிணைக்கும் இணையம் அறுந்து சத்திரசிகிச்சை பெற்றவர், எவ்வளவு முயன்றாலும் தொடையின் முன்புறத் தசையை முழுமையாக இயக்க முடியாதவராகின்றார். வீக்கமும் வலியும் நரம்பு வழிக்கட்டளையைத் தடுக்கின்றன. விருப்பம் உண்டு, வழி இல்லை. டெலிட்டோ முதலியோர் 1988இலும், ஸ்னைடர்-மக்லர் முதலியோர் 1995இலும் வெளியிட்ட ஆய்வுகள், இத்தகையோருக்கு உயர்செறிவு மின்தூண்டல் பயிற்சியைக் காட்டிலும் மேலான பயன் தருவதை நிறுவின. சுவாசநோய் முற்றி நடக்க இயலாதோர் 52 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வும், ஆறு வாரத் தூண்டலின் பின் நடைத்தூரம் கூடியதைக் காட்டிற்று. ஆகவே இம்முறையின் உண்மையான களம் புனர்வாழ்வு வைத்தியமே என்பது எமது துணிபு. ஜலபேரின் பூட்டுத் தொழிலாளி தற்செயலாக முதல்வனாக வாய்த்தவனல்லன்.

சந்தையோ எதிர்த்திசையிற் சென்றது. வார்ட், ஷ்குராட்டோவா கட்டுரை வெளிவந்த அதே 2002இல், உடற்பயிற்சியின்றியே வயிற்றுத் தசைகளை உருவாக்கும் என விளம்பரப்படுத்தப்பட்ட மின்பட்டிகளை விற்றோருக்கு எதிராக ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. பின்னர் ஜேர்மனியில், உடல் முழுவதையும் ஒருசேரத் தூண்டும் மேலங்கியை அணிந்து 20 நிமிடத்திற் பயிற்சியை முடிக்கும் நிலையங்கள் பெருகின. நேரமற்ற நகர ஊழியனுக்கு நேரத்தையே விற்கும் வணிகம் இது. அளவு மீறித் தூண்டப்பட்டோரிடம் தசைநார் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் அபாயம் வைத்திய இதழ்களிற் பதிவாயிற்று. 2020இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் ஒழுங்குவிதி, இக்கருவிகளை இயக்குவோருக்குத் தகைமையை வற்புறுத்தியது.

1995ஆம் ஆண்டு ஆய்வுக்கு ஒருகால் மீள்வோம். அதில் 110 நோயாளர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வைத்தியசாலையின் வலிய இயந்திரத்தினால் தூண்டப்பட்ட இரு குழுவினரின் தொடைத்தசை, நலமுள்ள காலின் வலுவில் 70 சதவீதத்தையோ அதற்கு மேலோ எட்டியது. கடும் பயிற்சி மட்டும் செய்தோர் 57 சதவீதத்தை எட்டினர். மின்கலத்தில் இயங்கும் சிறிய கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று பயன்படுத்தியோர் எட்டியது 51 சதவீதமே. கருவியின் பெயர் ஒன்று, செறிவு வேறு. கடைகளில் விலைக்குக் கிடைக்கும் பெரும்பாலானவை இவ்விரண்டாவது வகையினையே சார்ந்தவை. வேலைநாளின் கூலியை இழந்து, வாரந்தோறும் பேருந்தேறிப் பயிற்சி பெற்ற இயன்மருத்துவரிடம் வரக்கூடியவர் எவர், வர இயலாது சிறிய கருவியுடன் வீட்டில் இருக்க வேண்டியவர் எவர் என்பதனை அவ்வாய்வு பதிவு செய்யவில்லை. அது இயன்மருத்துவ ஆய்வாளரின் வினாவாக அன்று இருக்கவில்லை.