காரட்டும் மாத்திரையும்

காரட்டுக் கிழங்கிலிருந்து சிவந்த பொருள் ஒன்றை 1831-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மன் இரசாயன நிபுணர். காரட்டிலிருந்து வந்ததால் அதற்குக் 'காரட்டீன்' என்று பெயர் வைத்தார். 150 வருஷங்களுக்குப் பிறகு பல்லாயிரம் பேர் அதை மாத்திரையாக்கித் தினந்தோறும் விழுங்கப் போகிறார்கள் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு விஞ்ஞானிகளின் சரித்திரத்தைப் படிப்பதில் ஒரு தனி ருசி உண்டு. எங்களைப் போன்றவர்கள் கதையை எங்கே கொண்டுபோய் முடிப்பதென்று தீர்மானித்துக்கொண்டே பேனாவை எடுக்கிறோம். அவர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. காரட்டீன் மாத்திரையின் கதையில் இது நன்றாகத் தெரிகிறது.

இரும்பு துருப்பிடிக்கிறது. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுத்துப் போகிறது. நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறது. மூன்றிலும் வேலை செய்வது பிராணவாயுதான். நம்மை வாழ வைக்கிற வாயுவே பொருள்களை அரிக்கவும் செய்கிறது. மனித உடலும் இப்படித்தான் உள்ளுக்குள் துருவேறி மூப்படைகிறதோ என்ற எண்ணம், 1954-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கருக்கு உதித்தது. எண்ணெய்க் கம்பெனியில் இரசாயன வேலை பார்த்துவிட்டு, பிறகு வைத்தியம் படித்தவர் அவர். உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும்போது, ஜோடியை இழந்த எலெக்ட்ரானுடன் சில அணுக்கூட்டங்கள் பிறக்கின்றன. அவை பக்கத்தில் இருப்பதிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகின்றன. பறிகொடுத்தது, தன் பங்குக்கு வேறொன்றிடம் பிடுங்குகிறது. இப்படியே தொடரும் கொள்ளையில் உடல் சிதைகிறது என்று 1956-இல் அவர் எழுதி வெளியிட்டார்.

இந்தக் கொள்ளையைத் தடுத்து நிறுத்தும் பொருள்களுக்குத்தான் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று பெயர். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, நம் காரட்டீன் எல்லாம் அந்த ஜாதி. கொள்ளைக்காரன் இருக்கிறான், காவல்காரனும் இருக்கிறான். காவலைப் பலப்படுத்தினால் ஊர் பிழைக்குமல்லவா? கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

இந்த நியாயத்தில் மயங்கியவர்கள் சாமானியர்கள் அல்ல. லைனஸ் பாலிங் இரண்டு நோபல் பரிசுகளை யாருடனும் பங்கு போடாமல் தனியாகவே பெற்றவர். ஜலதோஷத்துக்கு வைட்டமின் சி கண்கண்ட மருந்து என்று 1970-இல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க மருந்துக் கடைகளில் அதற்கு ஏகக் கிராக்கி ஏற்பட்டது. புற்றுநோய்க்கும் அது நல்லது என்று பிறகு சொன்னார். மேயோ கிளினிக் வைத்தியர்கள் 1979-லும் 1985-லும் வெளியிட்ட பரீட்சைகளில் அப்படி ஒரு பலனும் தெரியவில்லை. பாலிங் அந்த முடிவை ஏற்கவே இல்லை. மேதைகளுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே!

காரட்டீன் விஷயத்தில் இறங்கியவர்கள் வேறு ரகம். காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல தேசங்களின் கணக்குகள் காட்டி வந்தன. 1981-இல் ரிச்சர்ட் பெட்டோ, ரிச்சர்ட் டால் முதலியோர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சிகரெட்டுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1950-லேயே எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் டால். காரட்டீன் புற்றுநோயைக் குறைக்குமா என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார்கள். காய்கறி தின்கிறவர் ஒருவேளை குடியையும் புகையையும் குறைத்துக்கொண்டு வாழ்கிறவராக இருக்கலாம். பலன் காரட்டீனுடையதா, அவருடைய வாழ்க்கை முறையுடையதா? பரீட்சை செய்து பார்த்தாலொழிய அது தெரியாது.

பரீட்சைக்கு முன்வந்த தேசங்களில் ஒன்று பின்லாந்து. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையமும் சேர்ந்துகொண்டது. 1985-இல் வேலை தொடங்கிற்று. 50 முதல் 69 வயது வரையுள்ள ஆண்கள், எல்லாரும் சிகரெட் பிடிப்பவர்கள், மொத்தம் 29,133 பேர். இவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் காரட்டீன், ஒன்றுக்கு வைட்டமின் ஈ, ஒன்றுக்கு இரண்டும், மிச்சமுள்ள பிரிவுக்குச் சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது கிடைக்கிறது என்பது விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற வைத்தியருக்கும் தெரியாது. பரீட்சையின் நேர்மையே இந்த இருட்டில்தான் இருக்கிறது. தெரிந்தால் ஆசை வந்து கண்ணை மறைத்துவிடும்.

ஐந்து முதல் எட்டு வருஷங்கள் அந்த மனிதர்கள் மாத்திரை விழுங்கினார்கள். 1993-இல் கணக்கை முடித்து 1994 ஏப்ரலில் வெளியிட்டார்கள். சுவாசப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் 876 பேர். வைட்டமின் ஈயால் அந்த நோய் குறையவில்லை. காரட்டீன் சாப்பிட்டவர்களிடமோ, அதைச் சாப்பிடாதவர்களைவிட நோய் 18 சதவிகிதம் அதிகமாக இருந்தது. மரணமும் 8 சதவிகிதம் அதிகம்.

காவல்காரனே கதவைத் திறந்து விட்டுவிட்டான்!

இது தற்செயலாக இருக்கக்கூடாதா என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே புகை பிடிப்பவர்கள், அந்தப் பழக்கத்தை விட்டவர்கள், கல்நார் வேலை செய்தவர்கள் ஆகிய 18,314 பேரிடம் காரட்டீனையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்து இதே போன்ற பரீட்சை நடந்துகொண்டிருந்தது. 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பாகவே அதை நிறுத்தினார்கள். புற்றுநோய் 28 சதவிகிதம் அதிகம், மரணம் 17 சதவிகிதம் அதிகம். அதே சமயத்தில் 22,071 அமெரிக்க வைத்தியர்களே தாங்கள் சாப்பிட்டுப் பார்த்த மற்றொரு பரீட்சையும் முடிந்தது. அவர்களில் பெரும்பாலோர் புகை பிடிக்காதவர்கள். சுமார் 12 வருஷம் காரட்டீன் தின்றதில் அவர்களுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் விசித்திரமாகப்படுவது வேறொன்று. பின்லாந்துப் பரீட்சை தொடங்குமுன் எல்லாருடைய ரத்தத்தையும் சோதித்து வைத்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குள்ளே, ஆகாரத்தின் மூலம் காரட்டீன் அதிகம் பெற்றிருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது! அப்படியானால் பழைய கணக்கு பொய்யல்ல. காய்கறி சாப்பிட்டவன் பிழைத்தான். காய்கறியிலிருந்து பிரித்தெடுத்த ஒன்றை மட்டும் மொத்தமாக விழுங்கியவன் பிழைக்கவில்லை. காரட்டில் காரட்டீன் மட்டுமா இருக்கிறது? அதனுடன் எத்தனையோ பொருள்கள் குடித்தனம் செய்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் ஒழுங்காக இருந்த பிள்ளையைத் தனியே பிரித்துப் பட்டணத்துக்கு அனுப்பினால் அவன் எப்படி ஆவான் என்று யார் சொல்ல முடியும்? சிகரெட்டுப் புகை நிறைந்த சுவாசப்பையில் காரட்டீனே சிதைந்து, அந்தச் சிதைவுகள் கெடுதல் செய்யலாம் என்பது விஞ்ஞானிகள் கூறும் ஒரு விளக்கம்.

இதனால் மாத்திரைகள் எல்லாமே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சீனாவில் லின்ஷியன் என்ற ஏழைப் பிரதேசம் இருக்கிறது. அங்கே சத்துக் குறைவால் வாடிய ஜனங்களுக்குக் காரட்டீன், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததில் மரணம் 9 சதவிகிதம் குறைந்தது என்று 1993-இல் தெரிய வந்தது. முதுமையில் விழித்திரை கெட்டுப் பார்வை மங்குகிறவர்களுக்கு, ஆன்டிஆக்ஸிடன்ட்டும் துத்தநாகமும் கலந்த மாத்திரை நோயின் வேகத்தைத் தணிக்கிறது என்று 2001-இல் அமெரிக்காவில் கண்டார்கள். 2013-இல் அதிலிருந்தும் காரட்டீனை எடுத்துவிட்டு, புகை பிடித்தவர்களுக்கும் தீங்கு செய்யாத வேறு பொருள்களைச் சேர்த்தார்கள். இல்லாதவனுக்குக் கொடுத்தால் அது தர்மம். இருக்கிறவனுக்குத் திணித்தால் அஜீரணம்.

புற்றுநோயைத் தடுப்பதற்காகக் காரட்டீன் மாத்திரை சாப்பிட வேண்டாம் என்று 2022-இல் அமெரிக்க வைத்திய நிபுணர் குழு ஒன்று மறுபடியும் திட்டவட்டமாக அறிவித்தது. ஆனால் வண்ண வண்ணப் புட்டிகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் விற்கிறவர்கள் பேசுவதெல்லாம் துருவையும் காவல்காரனையும் பற்றித்தான். அந்தப் பேச்சில் தர்க்கம் இருக்கிறது. கணக்குத்தான் இல்லை.

பின்லாந்து ஆராய்ச்சிக்காரர்களை நான் நினைத்துப் பார்க்கிறேன். எட்டு வருஷம் பாடுபட்டு, ஒரு நோயை ஒழிக்கப் போகிறோம் என்ற ஆசையோடு உறையைப் பிரித்தவர்களுக்கு உள்ளே இருந்த எண் எப்படி இருந்திருக்கும்! அந்த எண்ணை அவர்கள் மறைக்கவில்லை, மெழுகவும் இல்லை. தாங்கள் கொடுத்த மருந்து கெடுதல் செய்தது என்று உலகமறியச் சொன்னார்கள். அவர்கள் மாத்திரையால் யாரும் பிழைக்கவில்லை. அவர்கள் சொன்ன உண்மையால் பிழைத்தவர்கள் எத்தனை ஆயிரமோ, அவர்களுக்குப் பெயர் இல்லை. தாங்கள் பிழைத்தது அவர்களுக்கே தெரியாது.